காசிக்குப் போகாத சித்தி

ஜூன் 9, திங்கள்

இன்று வாயைத் திறந்துவிட்டேன். இந்தக் கம்பெனியில் சேர்ந்த இரண்டு வருஷமாக அடக்கி வைத்திருந்தது.

சாலிகிராமத்து ஆபீஸில் காலை டிஸ்கஷன். ஏசி வேலை செய்யவில்லை. தயாரிப்பாளர் புருஷோத்தமன் சார் சட்டையின் மேல் பொத்தான் இரண்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டைரக்டர் ஜெயசீலன். எதிரில் கதை எழுதுகிற நான், மடியில் லேப்டாப். எங்கள் 'மரகத இல்லம்' சீரியல் சனிக்கிழமையோடு இருநூற்றுப் பன்னிரண்டு எபிசோட் முடித்திருக்கிறது. அதில் கடைசி ஒன்பது எபிசோடாகக் கதாநாயகி யாழினி வாசலில் நின்று அழுகிறாள். வீட்டுப் பத்திரத்தைத் திருடிவிட்டாள் என்று அவள்மேல் பழி. ஒளித்து வைத்தது மூத்த மருமகள் ரஞ்சனி. டிவி பார்க்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும், அந்த வீட்டில் இருக்கிற ஒருத்தருக்கும் தெரியாது. ஒன்பது நாள் ஒரு பெண் வாசற்படியில் நின்று அழுதால் தெரு நாய்கூடக் கிட்டே வந்து என்னவென்று பார்க்கும். இங்கே பூஜை நடக்கிறது, காபி குடிக்கிறார்கள், ஆளுக்கு மூன்று ரியாக்‌ஷன் ஷாட் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

"இந்த வாரமும் அவ அங்கயே நிக்கட்டும்மா. அழுகை நல்லா போகுது" என்றார் சார்.

அவ்வளவுதான், எனக்கு வந்ததே கோபம்!

"சார், ஒரு சீன் ஆரம்பிக்கறப்ப இருந்த நெலமை முடியறப்ப மாறியிருக்கணும். யாருக்காவது ஒரு விஷயம் தெரிய வந்திருக்கணும். இல்ல, யாராவது ஒரு முடிவு எடுத்திருக்கணும். அதனாலதான் அடுத்த சீன் வருது. ஒண்ணுமே மாறலன்னா அது சீன் இல்ல சார், குரூப் போட்டோ. கிழிச்சுப் போடணும்."

பத்து நிமிஷம் விடாமல் பேசினேன். கதையை நகர்த்தாத சீனும் வேண்டாம், கதையை நகர்த்தாத ஆளும் வேண்டாம் என்றேன். உதாரணத்துக்கு ஒன்றிரண்டு சொன்னேன். ஜெயசீலன் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். சார் மட்டும், "பூங்கோதை, நீ இவ்ளோ பேசுவியா?" என்று கேட்டுவிட்டு, "யோசிக்கிறேன்" என்றார்.

யோசிக்கட்டும்.

கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

பதினான்கு சீன் எழுதினேன். ஒவ்வொன்றின் அடியிலும் 'என்ன மாறியது?' என்று பென்சிலால் கேட்டுக்கொண்டேன். எட்டு சீனுக்குப் பதில் இல்லை. கிழித்தேன். என் வீட்டுக்காரர் சபாபதி குப்பைக்கூடையைப் பார்த்துவிட்டு, "எட்டு நாள் சாப்பாடு உள்ள கெடக்கு போல" என்றார். அவருக்கு எல்லாம் விளையாட்டு.

சிலிண்டர் புக் பண்ணவில்லை. மறந்துவிட்டது.

ஜூன் 12, வியாழன்

சார் போன் பண்ணினார். குரலில் அப்படி ஒரு குழைவு.

"நீ சொன்னத யோசிச்சேம்மா. சேனல்லயும் பேசிட்டேன். கதைய நகர்த்தாத ஆள் எதுக்கு? கரெக்ட்டுதான. சித்திய கட் பண்ணிட்டோம்."

"எந்த சித்தி சார்?"

"நம்ம சித்திதாம்மா. சித்தியா நடிக்கற சொர்ணாம்பிகை. நீதான சொன்ன, அந்தம்மா எதுக்கு டிரே வெச்சுக்கிட்டு சும்மா பின்னாடி நிக்கறாங்கன்னு? புதன்கிழமை கடைசி நாள். காசிக்கு அனுப்பிடு. நீயே எழுதிடு."

நான் அப்படிச் சொல்லவில்லை.

சொன்னேன். உதாரணத்துக்குச் சொன்னேன். உதாரணத்துக்கும் உத்தரவுக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷனிடம் சொன்னது என் தப்பு. பெயரைச் சொல்லவில்லை, சித்தி என்றுதான் சொன்னேன். கேரக்டரைச் சொன்னேன், ஆளைச் சொல்லவில்லை. இதை மூன்று விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன், எப்படி எழுதினாலும் சொன்னது நான்தான்.

யாழினி வாசலிலேயே நிற்பாளா என்று கேட்டேன். "அது நிக்கட்டும்" என்றார்.

ஜூன் 13, வெள்ளி

நான் ஷூட்டிங் வீட்டுக்குப் போவதே கிடையாது. இன்று போனேன். போரூர் தாண்டி, வெயிலில் இரண்டு பஸ் மாறி.

சீரியலில் ஒரு ஆளைக் கழற்றிவிட எங்களுக்குத் தெரிந்த வழி மூன்று. வயது குறைவு என்றால் அமெரிக்கா. வயதானவர் என்றால் காசி. சண்டை போட்டுக்கொண்டு போனவர் என்றால் மாலை போட்ட போட்டோ. சித்திக்குக் காசி. அவளுக்கு இருநூறு எபிசோடில் ஒரு பெயர்கூட நான் வைக்கவில்லை. கடைசியாக வசனம் கொடுத்தது எழுபத்திரண்டாவது எபிசோடில். 'காபி ஆறிடப்போகுது' என்பது வசனம்.

சொர்ணம் அக்கா பின்கட்டில் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பெட்டிமேல் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அறுபத்தோரு வயது. மதுரைக்காரர். சாலிகிராமத்தில் தனியாக இருக்கிறார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"வாத்தா. காசிக்குப் போறேனாமே நானு?"

"யாருக்கா சொன்னது?"

"காஸ்ட்யூம்ல சொன்னாக. வெள்ளச் சேலைக்கு அளவு எடுத்தாக. பரவால்ல, சாகடிக்காம விட்டீகளே. போட்டோவுக்கு மாலையப் போட்டா எங்க தெருவுல கொமரிப் பிள்ளைக எல்லாம் அழுதுரும்."

நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்று தெரியவில்லை.

"இந்த வயசுல இன்னொரு செட்டுல யாரு கூப்புடப்போறா?" என்றார் தைலப் பாட்டிலை மூடிக்கொண்டே. "காலைல எந்திரிச்சா போறதுக்கு ஒரு எடம் இருக்குன்னு இருந்துச்சு. காய்க்காரன்கூட 'சித்தி, முருங்கக்கா வேணுமா'ம்பான். இனி வீட்டுல உக்காந்து சொவத்தப் பாக்க வேண்டியதுதேன். யாரு பாத்த வேலைத்தா இது?"

"சேனல்லக்கா" என்றேன்.

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

ஜூன் 14, சனி

சிலிண்டர் தீர்ந்துவிட்டது. ஹோட்டல் இட்லி. சபாபதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். காசி சீன் ஒரு வரிகூட வரவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

பழைய எபிசோடுகளை வேகமாக ஓட்டிப் பார்த்தேன். காலை ஆறரைக்கு ஆரம்பித்தேன். சித்தி இல்லாவிட்டாலும் கதை நிற்கும் என்று நிச்சயமாகத் தெரிந்தால், எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம்.

ஒவ்வொரு எபிசோட் ஆரம்பத்திலும் 'கதை, திரைக்கதை: மரகத இல்லம் கதை இலாகா' என்று கார்டு வரும். இலாகா என்றால் ஏதோ பத்துப் பேர் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பதுபோல. மொத்த இலாகாவும் நான் ஒருத்திதான். பெயர் வராதது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. கார்டு நான்கு நொடி நிற்கிறது.

அறுபத்தோராவது எபிசோடில் நிறுத்தினேன். மறுபடி ஓட்டிப் பார்த்தேன். மறுபடியும்.

ரஞ்சனி கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசுகிறாள்: "பத்திரத்த நான்தான் எடுத்தேன். என் பழைய சூட்கேஸ்ல அடியில வெச்சு தெச்சுட்டேன். ஒருத்தருக்கும் தெரியாது." அவளுக்குப் பின்னால், அதே ரூமில், கட்டில்மேல் உட்கார்ந்து சித்தி துணி மடித்துக்கொண்டிருக்கிறாள்!

அட கடவுளே, என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். சபாபதி அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் செட்டில் ஒரு பழக்கம். அன்றைக்குக் கூப்பிட்ட ஆர்ட்டிஸ்ட் எல்லோரும் எல்லாக் காட்சியிலும் தெரிய வேண்டும், வரவழைத்துவிட்டுச் சும்மா உட்கார வைக்கக்கூடாது. சார் போட்ட சட்டம். அதனால் ஜெயசீலன் சொர்ணம் அக்காவைக் கண்ட இடத்தில் நிறுத்துவார். வில்லி ரகசியம் பேசினாலும் சரி, டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தாலும் சரி, அக்கா பின்னால் ஒரு ஓரத்தில் இருப்பார். எடுத்தவர் கவனிக்கவில்லை, எடிட் பண்ணினவர் கவனிக்கவில்லை, எழுதின நான் தினமும் பார்த்தும் கவனிக்கவில்லை.

பென்சிலை எடுத்துக்கொண்டு மீதியிலும் ரகசியம் பேசுகிற சீன்களை மட்டும் தேடிப் பார்த்தேன். வீட்டில் ஏழு ரகசியம். ஏழு சீனிலும் சித்தி இருக்கிறாள். ஒன்றில் ரஞ்சனிக்குக் காபியே கொடுக்கிறாள்.

கதையை நகர்த்தாத ஆளாம். அந்த வீட்டில் எல்லாம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

ஜூன் 16, திங்கள்

சாரிடம் போய்ச் சொன்னேன். லேப்டாப்பில் போட்டும் காட்டினேன். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஐயையோ, இது மிஸ்டேக்கும்மா. வெளிய சொல்லாத. ஜெயசீலனுக்குக் கண்ணு தெரியல."

"மிஸ்டேக்னு நாம சொன்னாதான் சார் மிஸ்டேக். சித்தி வாயத் தொறந்தா யாழினி உள்ள வந்துடுவா, ரஞ்சனி மாட்டிப்பா, அதுக்கப்புறம் ரஞ்சனி என்ன பண்ணுவாங்கறது புதுக் கதை. ஒரு சீன்ல எல்லாமே நகரும் சார்."

"நகரக்கூடாதுங்கறேன்! யாழினி உள்ள வந்துட்டா அப்புறம் யாரு அழுவா? சேனல்ல நான் என்ன பதில் சொல்றது?" சிரிப்பு நின்றுவிட்டது. "நீ எழுதற பொண்ணு. சொன்னத எழுது. காசி, வெள்ளப் புடவை, மூணு ரியாக்‌ஷன், டாட்டா. புரியுதா?"

புரிந்தது சார். ரொம்ப நன்றாகப் புரிந்தது.

ஜூன் 17, செவ்வாய்

எழுதிவிட்டேன். மூன்றரைப் பக்கம். அடியில் பென்சிலால் கேள்வி கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. சாருக்கு அனுப்பவில்லை. நாளை நானே கையில் எடுத்துக்கொண்டு போகிறேன். கையில் ஒரு எபிசோட்கூட மிச்சமில்லை, நாளைக்கு எடுப்பதுதான் மறுநாள் மதியம் இரண்டரைக்கு டிவியில் வர வேண்டும். திருத்த நேரம் இருக்காது. இது சதி என்று யாராவது சொன்னால் ஆமாம் என்பேன்.

சிலிண்டர் வந்துவிட்டது. ரசம் வைத்தேன்.

ஜூன் 18, புதன்

விவரமாக எழுத வேண்டும்.

ஜெயசீலன் பக்கங்களை நின்றுகொண்டே படித்தார். இரண்டாவது பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"மேடம், இது சார் ஓகே பண்ணாரா?"

"இல்ல."

"சேனல்?"

"இல்ல."

"ரஞ்சனி ஆர்ட்டிஸ்ட் அஞ்சு மணிக்குக் கெளம்பிடுவாங்க. இப்பவே மணி மூணு. வேற சீன் எழுதித் தருவீங்களா?"

"மாட்டேன்."

அவர் மறுபடி முதல் பக்கத்திலிருந்து படித்தார். எட்டு வருஷமாக ரியாக்‌ஷன் ஷாட் எடுத்து எடுத்து இந்த மனுஷனுக்கு எல்லாம் மரத்துப்போயிருக்கும் என்று நினைத்திருந்தேன். "எனக்கு வேல போச்சுன்னா உங்க வீட்டுக்குத்தான் சாப்பிட வருவேன்" என்றார். அப்புறம் எழுந்து, "சொர்ணம்மாவுக்கு லைட் போடுங்கய்யா! மூஞ்சிக்குப் போடுங்க!" என்று கத்தினார். லைட்மேனுக்குப் புரியவில்லை. இருநூறு எபிசோடாக அக்கா முகத்துக்கென்று தனியாக யாரும் லைட் போட்டதில்லை.

எங்கள் செட்டில் வசனத்தை யாரும் மனப்பாடம் பண்ணுவதில்லை. உதவி டைரக்டர் கார்மேகம் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுப்பார், நடிக்கிறவர்கள் திருப்பிச் சொல்வார்கள். அக்கா பக்கங்களை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். அரைமணி நேரம் கழித்து வந்து, "தம்பி, நீ எனக்குச் சொல்ல வேணாம். நானே சொல்லிக்கிறேன்" என்றார்.

ஹால். எல்லோரும் நிற்கிறார்கள். வெள்ளைப் புடவையில் சித்தி, கையில் பை. மாமியார் ஆசீர்வாதம் வாங்க வரச் சொல்லி மருமகள்களைக் கூப்பிடுகிறாள். ரஞ்சனி குனிகிறாள். சித்தி காலை நகர்த்திக்கொள்கிறாள்.

"நீ எந்திரிம்மா. உன் பழைய சூட்கேஸ எடுத்துட்டு வா. அடித் துணியப் பிரி. பத்திரம் அங்கதான் இருக்கு."

யாரும் அசையவில்லை. நடிப்பில்தான், ஆனாலும் யாரும் அசையவில்லை. வாசலிலிருந்து யாழினி முதல் தடவையாகப் படியேறி உள்ளே வருகிறாள்.

"இவ்ளோ நாள் ஏன் சித்தி சொல்லல?"

அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனார். நான் மானிட்டருக்குப் பக்கத்தில் நின்றேன். என் பக்கமும் ஒருமுறை பார்த்த மாதிரி இருந்தது.

"என்னை யாரும்மா கேட்டா?"

நான் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது ஜெயசீலன் 'கட்' சொல்ல மறந்து உட்கார்ந்திருந்தார்.

ஜூன் 19, வியாழன்

இரண்டரைக்கு வந்தது. மூன்று மணிக்கு சார் போன். அவர் பேசியதை இங்கே எழுத முடியாது. கடைசியில், "நாளைலேருந்து வராத. இலாகாவுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார்.

"சரி சார்" என்றேன். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மூன்று பக்கெட் துணி துவைத்தேன். துவைத்திருந்த போர்வையையும் மறுபடி துவைத்தேன்.

ஜூன் 26, வியாழன்

ரேட்டிங் வந்திருக்கிறதாம். ஜெயசீலன் சொன்னார். போன வருஷம் தீபாவளிக்கு அப்புறம் இவ்வளவு வந்ததே இல்லையாம். சார் எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்து, சித்திக்கு இருபது நாள் கால்ஷீட் போடச் சொல்லிவிட்டாராம். காசி ரத்து. எழுதுவதற்கு நிவாஸ் என்று புதிய ஆள் வந்தாயிற்று.

"ஐடியா யாருதுன்னு சேனல்ல கேட்டாங்க. தன்னுதுன்னுட்டார் சார்" என்றார் ஜெயசீலன், ஏதோ தானே தப்புச் செய்த மாதிரி. அக்காவுக்கு வேலை நிலைத்தது, எனக்கு அது போதும் என்றேன். போதும்தான். வாங்கி வைத்திருந்த வெண்டைக்காய் முழுவதையும் நறுக்கிவிட்டேன், இரண்டு பேருக்கு ஒரு கிலோ.

ஜூன் 28, சனி

காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டுகிறார் சொர்ணம் அக்கா. கையில் ஒரு கட்டு பேப்பர்.

"பாரு இதை" என்று சாப்பாட்டு மேஜைமேல் போட்டார். நிவாஸ் எழுதின திங்கட்கிழமை சீன்கள். படித்தேன். ரஞ்சனி மூன்று பக்கம் கத்துகிறாள். யாழினி அழுகிறாள், இந்தத் தடவை ஹாலில். சித்தி: ரியாக்‌ஷன். சித்தி: ரியாக்‌ஷன். சித்தி அதிர்ச்சி: ரியாக்‌ஷன்.

"திரும்ப நிக்க வெச்சுட்டாங்கெ" என்றார். "இருவது நாளும் இப்பிடித்தேன் நிக்கப்போறேன். அப்புறம் காசிக்கு ரயிலு எங்க போயிரப் போகுது?"

"நான் அந்த சீரியல்லயே இல்லக்கா. நான் என்ன பண்ண முடியும்?"

அக்கா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பூங்கோதை, என்னை வெளிய அனுப்பச் சொன்னது நீதேன்னு எனக்கு மொத நாளே தெரியும்."

கையிலிருந்த பேப்பரை மேஜைமேல் வைத்தேன்.

"ஜெயசீலனும் கேமராக்காரரும் பேசிக்கிட்டாக. நான் பக்கத்துலதேன் நின்னேன். நான் நிக்கும்போது யாரும் கொரல எறக்கிப் பேசுறதில்லத்தா."

"அக்கா, நான் உதாரணத்துக்குத்தான்..." என்று ஆரம்பித்தேன். பாதியிலேயே நிறுத்திவிட்டேன். "ஆமாக்கா. நான்தான் சொன்னேன். மன்னிச்சுக்கோங்க." இரண்டு வாரமாக எழுதி எழுதிப் பார்த்தது, சொல்வதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"சரி விடு. சொன்ன வாய்க்கு நீயே பரிகாரமும் பண்ணிட்ட. இப்ப நான் கேக்கறதச் செய்யி. பேப்பர்ல எழுதத்தான உனக்கு உரிமை இல்ல? என் வாயில எழுதலாமில்ல? சீனுக்கு ஒரு வரி குடு. ஒண்ணே ஒண்ணு. கார்மேகத்துக்கிட்ட நான் பேசிக்கிறேன்."

அவருக்குக் காபி கொடுத்தேன். அவர் குடித்து முடிப்பதற்குள் பென்சிலை எடுத்து முதல் சீனில் மூன்றாவது 'ரியாக்‌ஷன்' என்பதை அடித்துவிட்டு எழுதினேன்: "ரஞ்சனி, நீ போன்ல பேசினது யாருகிட்டன்னும் எனக்குத் தெரியும்."

அக்கா படித்துவிட்டு மேஜையைத் தட்டிச் சிரித்தார். சபாபதி எட்டிப் பார்த்து, "சம்பளம் இல்லாத வேலைக்கு இவ்ளோ சந்தோஷமா?" என்றார்.

ஜூன் 30, திங்கள்

அக்கா அந்த வரியைச் சொல்லிவிட்டார். நிவாஸ், "இது பேப்பர்லயே இல்லையே" என்றாராம். "அப்பிடியா தம்பி, வயசாயிருச்சுல்ல, கொழம்பிட்டேன் போல" என்றாராம் அக்கா. ஜெயசீலன் காதில் விழாத மாதிரி 'டேக் ஓகே' சொல்லிவிட்டார். ரஞ்சனி போனில் யாரிடம் பேசினாள் என்று இனி சொல்லியே ஆக வேண்டும். நிவாஸ் செவ்வாய்க்கிழமைக்கு எழுதியிருந்த ஐந்து சீனும் செல்லாமல் போய்விட்டது.

ஜூலை 1, செவ்வாய்

மூன்று சீன், மூன்று வரி. அக்கா இப்போது காலை நடைக்கு எங்கள் தெரு வழியாகத்தான் வருகிறார்.

ஜூலை 3, வியாழன்

இன்றைய எபிசோடில் சித்தியின் வரியால் ரஞ்சனி பெட்டியோடு வெளியே போனாள். இரண்டரை மணி எபிசோட் முடிந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, சார் போன் பண்ணிவிட்டார்.

"அந்தம்மா என்னென்னவோ பேசுது. நிவாஸ் லீவு போட்டுட்டு ஊருக்குப் போயிட்டான். சேனல்ல 'அடுத்து என்ன, அடுத்து என்ன'ன்னு உயிர எடுக்கறாங்க. யாரு எழுதித் தர்றதுன்னு தெரியாத மடையன் இல்ல நான். திரும்ப வந்துடும்மா."

"கார்டுல என் பேர் வரணும் சார். பூங்கோதைன்னு. இலாகா வேணாம்."

"அதெல்லாம் வழக்கமே கிடையாது."

"அப்ப நான் வரலைங்க சார்."

நான் வைத்துவிடப் போனேன்.

"இரு இரு, வெச்சுடாத." குரலை இறக்கினார். பக்கத்தில் யாரோ இருந்திருக்க வேண்டும். "நாளைக்கு சித்தி என்ன பேசப்போறா? அத மட்டும் சொல்லு."

இரண்டு வருஷத்தில் அடுத்து என்ன என்று அவர் என்னைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

"ரெண்டரைக்கு டிவியப் போட்டுப் பாத்துத் தெரிஞ்சுக்கங்க சார்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.